நூலுக்கு முன் இதழ்: ஈழத்துச் சிறுகதையைக் கண்டடையும் வழி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)

இலங்கைத் தீவின் எழுத்தாளர்கள் படைத்த சிறுகதைகளைத் தமிழக வாசகர் கண்டடைவது எப்படி என்ற பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். இப்பொருளில் பேச எழுகிறவர்கள் பெரும்பாலும் பெயர்களை வரிசைப்படுத்துவார்கள். இலங்கையர்கோன், சம்பந்தன், சி. வைத்திலிங்கம் என்று தொடங்கி, டானியல், டொமினிக் ஜீவா, எஸ். பொன்னுத்துரை, மு. தளையசிங்கம் வழியாக வந்து, அ. முத்துலிங்கத்திலோ அவருக்குப் பின் எழுத வந்த புலம்பெயர்ந்தோரிலோ முடிப்பார்கள். கேட்பவர் குறித்துக்கொண்டு போய், கடையில் கிடைக்கும் தொகுப்புகளை வாங்கிப் படிப்பார். நல்ல காரியம்தான். ஆனால் இந்த வழியில் போகிறவர் ஈழத்துச் சிறுகதையின் ஒரு பகுதியை மட்டுமே பார்க்கிறார். பார்த்த பகுதியையும் அது பிறந்த காலத்திலிருந்து பெயர்த்து வேறொரு காலத்தில் வைத்துப் பார்க்கிறார்.

அந்தத் தீவில் சிறுகதை வாழ்ந்த இடம் இதழ். நூல் அதற்குப் பின்னால், பல வேளைகளில் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து வந்தது. எத்தனையோ கதைகளுக்கு வரவே இல்லை. ஆகவே ஆசிரியர் பெயரையும் நூற்பெயரையும் வைத்துக்கொண்டு தேடுவது போதாது. எந்தக் கதை, எந்த இதழில், எந்த நாளில் வந்தது என்பதை அடிப்படையாகக் கொண்டு தேட வேண்டும். அப்படித் தேடினால் நமக்குச் சில புதிய கதைகள் கூடுதலாகக் கிடைக்கும் என்பது சிறிய பயன். ஈழத்துச் சிறுகதை வரலாறு என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் வரிசையே மாறிப்போகும் என்பதுதான் பெரிய பயன். இதைச் சில கூறுகளாக விளக்குகிறேன்.

1. இதழ்களின் கதை

1930ஆம் ஆண்டு இரண்டு இதழ்களைத் தந்தது. கொழும்பில் பெரி. சுப்பிரமணியம் செட்டியார் வீரகேசரியைத் தொடங்கினார், யாழ்ப்பாணத்தில் நா. பொன்னையா ஈழகேசரியைத் தொடங்கினார். 1932இல் லேக் ஹவுஸ் நிறுவனத்திலிருந்து தினகரன் வந்தது. ஈழத்துச் சிறுகதையின் மூவர் என்று போற்றப்படும் இலங்கையர்கோன், சம்பந்தன், வைத்திலிங்கம் ஆகியோர் சென்னையின் கலைமகளிலும் தம் ஊரின் ஈழகேசரியிலும் எழுதினார்கள். 1946இல் வரதரும் நண்பர்களும் மறுமலர்ச்சி இதழைக் கொண்டுவந்தார்கள். 1947இல் சுதந்திரன், 1958இல் சிற்பியின் கலைச்செல்வி, 1959இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஈழநாடு, 1966இல் டொமினிக் ஜீவாவின் மல்லிகை, 1975இல் அலை என்று இந்த வரிசை நீள்கிறது. இவற்றில் மல்லிகை 2012 வரை நானூறு இதழ்களைக் கடந்து நடந்தது. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையம் நடத்திய ஒருவர், அந்தத் தொழிலின் வருவாயை நம்பித் தொடங்கிய இதழ் அது. அவர் உள்ளூர் எழுத்தாளர், கலைஞர்களின் படங்களை இதழின் அட்டையில் அச்சிட்டார். தீவின் வெவ்வேறு பிரதேசங்களுக்குச் சிறப்பிதழ் போட்டார். சிங்களக் கதைகளைத் தமிழாக்கி வெளியிட்டார். தீவைத் தீவுக்கே அறிமுகப்படுத்தும் வேலையை ஓர் இதழ் இவ்வளவு பொறுமையாகச் செய்ததற்குத் தமிழில் வேறு எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

இதழ் ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று? காரணம் பொருளாதாரம். தமிழகத்தில் இருந்ததுபோல் சிறுகதைத் தொகுப்புகளைத் தொடர்ந்து வெளியிட்டு, விற்று, ஆசிரியருக்குப் பணமும் தரக்கூடிய பதிப்பகங்கள் இலங்கையில் நெடுங்காலம் உருவாகவில்லை. எழுத்தாளர் தன் சேமிப்பைப் போட்டு அச்சகத்தில் நூலை அடிப்பார். ஊரில் வெளியீட்டு விழா வைப்பார். வந்தவர்கள் வாங்கியதுபோக மீதியைத் தானே சுமந்து விற்பார். ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் கூலித் தொழிலாளியாகவும் இருந்தவர்களுக்கு இது எளிதில் முடிகிற செலவன்று. மாறாக, நாளிதழ்களின் ஞாயிறு வெளியீடுகளுக்கு வாராவாரம் கதை வேண்டியிருந்தது. வாரம் ஒரு கதை என்று மிகக் குறைவாகக் கணக்கிட்டாலும், ஒரே நாளிதழில் முப்பது ஆண்டுகளில் 1,500 கதைகளுக்கு மேல் சேரும். இதே காலத்தில் நூலாக வந்த தொகுப்புகளை இதனோடு ஒப்பிட்டால் அவை மிகச் சிறிய பங்கே. நாம் ஈழத்துச் சிறுகதை என்று பேசிக்கொண்டிருப்பது அந்தச் சிறிய பங்கைப் பற்றித்தான்.

2. நாட்களின் பிழை

என் வாதத்தின் மையம் இங்கே இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நூல் தாமதமாக வரும்போது கதை தன் காலத்தை இழக்கிறது. என்.கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சிலர், பொதுப்பணியில் பேர் பெற்ற ஒரு பெரியவரைக் காண அவர் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களை உள்ளே அழைக்க மனமில்லாத அவர், வெளியே நிலவில் அமர்ந்து பேசலாம் என்று அழைத்துக்கொண்டு போகிறார். வெறுப்புச் சொல் ஒன்றுகூட இல்லாமல், ஓர் இனிய அழைப்பின் வடிவத்திலேயே சாதி எப்படித் தன் வேலையை முடித்துக்கொள்கிறது என்று காட்டும் கதை. இது 1951இல் சுதந்திரனில் வந்தது. இதே பெயரில் தொகுப்பு 1962இல் வந்தது. இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளில் என்னவெல்லாம் நடந்தன? 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்து, பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. தொகுப்பின் ஆண்டை மட்டும் பார்க்கும் வாசகர், சங்கத்தின் கொள்கையை ஒட்டி, சட்டம் வந்தபின் எழுதப்பட்ட கதை என்று எண்ணிக்கொள்வார். இதழின் ஆண்டைப் பார்ப்பவருக்கோ, சங்கமும் சட்டமும் வருவதற்கு முன்பே ஓர் இளைஞர் இதைத் தன் அனுபவ உலகிலிருந்து நேரே எடுத்திருக்கிறார் என்பது தெரியும். முற்போக்கு இயக்கம்தான் சாதியைக் கதைப்பொருளாக்கியது என்று பாடநூல்கள் சொல்லும் வாய்ப்பாடு இந்த ஒரு தேதியிலேயே ஆட்டம் காண்கிறது. இயக்கம் இத்தகைய கதைகளுக்கு அரங்கமும் வாசகரும் தேடித் தந்தது. அந்தப் பெருமை அதற்கு உரியது. ஆனால் கதை இயக்கத்தைவிட மூத்தது.

தேயிலைத் தோட்டங்களின் மலையகத்துக்கு வருவோம். என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1961இல் தினகரனில் வெளிவந்தது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியின் கைத்திறன்மேல் மற்றவர்களுக்கு எழும் சந்தேகமும், அதற்குத் தன் வேலையாலேயே அவள் தரும் பதிலும் அந்தக் கதை. இதைத் தலைப்பாகக் கொண்ட தொகுப்பு 1980இல்தான் வந்தது. பத்தொன்பது ஆண்டுகள். அந்தப் பத்தொன்பது ஆண்டுகள் மலையகத்தைப் புரட்டிப்போட்டவை. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக ஆக்கியிருந்தது. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974இல் தீர்க்கப்பட்டது. தோட்டங்கள் அரசுடைமையாயின. எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பசி தலைவிரித்தாடியது. குடும்பம் குடும்பமாக மக்கள் இராமேசுவரம் வந்து இறங்கினார்கள். 1980இன் நூலாக இதைப் படிப்பவர் கண்ணுக்கு, இத்தனை துயரங்களைக் கண்டபின்னும் உழைப்பின் மானத்தைப் பற்றி மட்டும் பேசும் அமைதியான கதையாக இது படும். சிலர் இதில் அரசியல் போதவில்லை என்றுகூடச் சொல்லக்கூடும். 1961இன் ஞாயிறு இதழில் வைத்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளியைக் கணக்கேட்டின் ஓர் எண்ணாகவும், அரசியல்வாதிகளின் பேரத்தில் ஒரு தொகையாகவும் மட்டுமே நாடு கண்ட நாளில், கொழும்பின் பெரிய தமிழ் நாளிதழ் ஒன்றில், ஒரு கொழுந்துக்காரியின் கையை, அதன் வேகத்தை, அவளுடைய தன்மதிப்பைக் கதையின் நடுவில் வைத்தது எவ்வளவு பெரிய அரசியல் என்பது விளங்கும். கதை ஒன்றுதான். ஆண்டு மாறினால் அதன் பொருள் மாறுகிறது.

மூத்தவர்களின் நிலையும் இதுவே. முப்பதுகளிலேயே எழுதத் தொடங்கிய இலங்கையர்கோன் 1961இல் மறைந்தார். அவருடைய ‘வெள்ளிப் பாதசரம்’ தொகுப்பு 1962இல் வந்தது. தன் கதைகளை நூலாகக் காணாமலேயே அவர் போனார். அவருடைய கதைகள் நூலாகக் கிடைத்தபோது அடுத்த தலைமுறை வேறு மொழியில், வேறு மக்களைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டது. ஆகவே அவர் புத்தக வாசகருக்குப் பழையவராகவே அறிமுகமானார். மணிக்கொடிக் காலத்தில் புதுமைப்பித்தனும் மௌனியும் எழுதிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அப்பால் அதே வடிவத்தில் அதே தாகத்தோடு இயங்கியவராக அவர் அறிமுகமாகியிருக்க வேண்டும்.

3. நூல் காணாத மனிதர்கள்

தாமதம் ஒரு பக்கம்; அடியோடு விடுபட்டுப்போதல் இன்னொரு பக்கம். நூல் போட யாருக்கு வசதி இருந்தது என்று கேட்டால், யார் விடுபட்டார்கள் என்பதற்கும் விடை கிடைத்துவிடும். அச்சகங்களும் விழா மண்டபங்களும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருந்தன; விமர்சகர்களும் அங்கேயே இருந்தார்கள். மூதூரின் வ.அ. இராசரத்தினத்துக்கு ‘தோணி’ தொகுப்பு 1962இலேயே வாய்த்து, சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. ஆனால் கிழக்கில் அவரைப் போன்ற நல்வாய்ப்புப் பெற்றவர்கள் சிலரே. கிழக்கின் முஸ்லிம் எழுத்தாளர்கள் பலரின் கதைகள் நாளிதழ்களிலேயே நெடுங்காலம் தங்கிவிட்டன. ஓட்டமாவடி எஸ்.எல்.எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’ போன்ற ஒரு கதையைப் படித்துவிட்டு, இந்த நடை எங்கிருந்து வந்தது என்று தேடினால், நூல்கள் விடை சொல்லா. வயலும் கடலும் தொழுகையும் ஒன்றாகக் கலந்த அந்தப் பேச்சுமொழிக்கு முன்னோர்கள் இருந்தார்கள். அவர்கள் இதழ்களில் இருக்கிறார்கள்.

மலையகத்தின் சான்று இன்னும் வலுவானது. வீரகேசரியில் எஸ்.எம். கார்மேகம் பொறுப்பேற்று நடத்திய ‘தோட்ட மஞ்சரி’ பகுதியும், அறுபதுகளில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகளும் இல்லாவிட்டால் ஒரு தலைமுறையே எழுத வந்திருக்காது. அந்தப் போட்டிகளில் பரிசு பெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்று தொகுக்கப்பட்டன. அதன்பின் ஒரு கால்நூற்றாண்டு கழித்து, 1997இல், துரைவி பதிப்பகம் ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ ஆகிய இரு பெருந்தொகுப்புகளை வெளியிட்டது. இவற்றின் பின்னே நின்ற உழைப்பு தெளிவத்தை ஜோசப்புடையது. அவர் சிறுகதை ஆசிரியர். கூடவே பழைய இதழ்களைத் தேடிப் படித்த வரலாற்றாசிரியர். 2000இல் வந்த அவருடைய ‘மலையகச் சிறுகதை வரலாறு’ அந்த மக்களின் புனைகதையைக் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் எழுத்துவரை பின்னோக்கிக் கொண்டுசென்றது. கதையாசிரியராக அவர் அறுபதுகளிலிருந்து எழுதிவந்தார். ‘நாமிருக்கும் நாடே’ 1979இல் நூலானது. தமிழகம் அவரைப் பரவலாக அறிந்தது 2013இல், விஷ்ணுபுரம் விருது அளிக்கப்பட்டபோது. அப்போது அவருக்கு வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டு எழுதிய ஒருவரை நாம் அவருடைய முதுமையில் கண்டுபிடித்தோம் என்றால், எழுபதுகளிலேயே காலமாகிவிட்ட, ஒரு தொகுப்புகூட இல்லாத மற்றவர்களை எந்த வழியில் கண்டடையப்போகிறோம்?

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பவானி ஆழ்வாப்பிள்ளையின் கதைகள் அறுபதுகளின் தொடக்கத்திலேயே நூலாகிவிட்டன, மறுப்பதற்கில்லை. ஆனால் அறுபதுகளின் தொடக்கத்திலேயே எழுத வந்த குந்தவையின் ‘யோகம் இருக்கிறது’ தொகுப்பு 2002இல்தான் வெளிவந்தது. திருமணமும் ஆசிரியப் பணியும் இடப்பெயர்வும் நடுவே வர, இரண்டு, மூன்று கதைகளோடு எழுத்தை நிறுத்திக்கொண்ட பெண்கள் எத்தனை பேர்? ஒரு தொகுப்புக்குக் குறைந்தது பத்துக் கதைகள் வேண்டும் என்பது நூலின் சட்டம். ஒரே ஒரு நல்ல கதை எழுதியவருக்கு நூலுலகில் இடமில்லை. இதழுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அது ஒரு கதையை ஒரு கதையாகவே ஏற்றுக்கொண்டது. சிறுகதை என்ற வடிவத்தின் இயல்புக்கு நெருக்கமானதும் இதுதான்.

4. தடை வளர்த்த இலக்கியமா?

ஈழத்து இலக்கியம் தழைத்தது 1970களில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததால்தான் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. கல்கியும் ஆனந்த விகடனும் குமுதமும் கலைமகளும் வருவது குறைந்ததும் உள்ளூர் எழுத்துக்குச் சந்தை கிடைத்தது என்பது இதன் சாரம். இதில் உண்மை உண்டு. வீரகேசரி பிரசுரங்கள் எழுபதுகளில் வேகமாக வந்தன. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ போன்ற நாவல்கள் பெருவாரியான வாசகரைச் சென்றடைந்தன. ஆனால் அது நாவலின் கதை. சிறுகதைக்கு இந்த விளக்கம் பொருந்தாது. இதுவரை நான் பெயர் சொன்ன கதைகளைப் பாருங்கள்: 1951, 1961. மறுமலர்ச்சி 1946. தளையசிங்கத்தின் ‘புதுயுகம் பிறக்கிறது’ 1965. முத்துலிங்கத்தின் ‘அக்கா’ 1964. பொன்னுத்துரையின் ‘வீ’ 1966. சிற்பி ‘ஈழத்துச் சிறுகதைகள்’ என்ற தொகுப்பை வெளியிட்டது 1958இல். அதாவது தமிழகத்து இதழ்கள் யாழ்ப்பாணத்துக் கடைகளில் குவிந்துகிடந்த காலத்திலேயே, அவற்றோடு தோள் உரசிக்கொண்டே, இந்தச் சிறுகதை வளர்ந்து முதிர்ந்துவிட்டது. கட்டுப்பாட்டுக்குப் பெருமையைத் தருவது, அதற்கு முன் நாற்பது ஆண்டுகள் வார இதழ்களின் ஆசிரியர்கள் செய்த வேலையை மறைத்துவிடுகிறது. சுதந்திரனில் எஸ்.டி. சிவநாயகமும் ஐம்பதுகளின் இறுதியில் தினகரனில் கைலாசபதியும் செய்த பணிக்கு எந்தச் சட்டமும் துணை நிற்கவில்லை.

5. மறுப்புகள்

முதல் மறுப்பு தரத்தைப் பற்றியது. வாரப் பத்திரிகைக் கதைகளில் பெரும்பாலானவை சாதாரணமானவை. காலம் சலித்து நல்லதை நூலாக்கியிருக்கிறது. அந்தச் சல்லடையை ஏன் சந்தேகிக்க வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலானவை சாதாரணமானவை என்பதை நான் முழுதும் ஒப்புக்கொள்கிறேன். எந்த நாட்டு வார இதழுக்கும் இது பொருந்தும். ஆனால் சலித்தது காலம் என்பதை ஏற்க முடியாது. சலித்தது பணமும் ஊரும் சார்பும். அச்சுக்குச் செலவிட முடிந்தவர் நூலாசிரியரானார். ஏதாவது ஓர் அணியில் இருந்தவருக்கு முன்னுரையும் விழாவும் விமர்சனமும் கிடைத்தன. அறுபதுகளில் முற்போக்கு, நற்போக்கு என்று அணிகள் பிரிந்து மோதியபோது, எதிலும் சேராதவர்களின் கதைகளை எடுத்துப் பேச யாரும் இல்லாமல் போயிற்று. தரத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்றே நானும் சொல்கிறேன். ஆனால் தீர்மானிப்பதற்கு முன் படித்திருக்க வேண்டும். படிக்காமலே தள்ளிவிட்டு அதைத் தரத்தேர்வு என்று அழைப்பது நேர்மையாகாது. செங்கை ஆழியான் மறுமலர்ச்சி, ஈழகேசரி, மல்லிகை ஆகியவற்றிலிருந்து கதைகளைத் தேர்ந்து தொகுத்தபோது இந்தப் படிப்பைத்தான் செய்தார். முழு இதழையும் புரட்டி, பெரும்பகுதியை விலக்கி, சிலவற்றை மட்டும் எடுத்தார். அவருடைய தேர்வோடு ஒருவர் உடன்படாமல் இருக்கலாம். உடன்படாமல் இருப்பதற்கும் அந்தத் தொகுப்புகள்தாம் வழி செய்கின்றன.

இரண்டாவது மறுப்பு எழுத்தாளரின் விருப்பம். தன் தொகுப்பில் சேர்க்க வேண்டாம் என்று அவரே விட்டுவிட்ட கதையை நாம் தோண்டியெடுப்பது முறையா? தொகுப்பு வெளியிட்டவர்களைப் பொறுத்தவரை இது சிந்திக்க வேண்டிய கேள்வி. அவர்கள் தம் தேர்வை மேற்கொண்டிருக்கிறார்கள். அதை மதித்து, விடுபட்டவற்றை ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்தலாம். ஆனால் தொகுப்பே போட முடியாமல் போனவர் எதையும் விலக்கவில்லை. அவருக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பே கிடைக்கவில்லை. இருவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

மூன்றாவது மறுப்பு தமிழகத்திலிருந்து வருவது. தமிழ் ஒன்று, இலக்கியம் ஒன்று, ஈழம், மலையகம், கிழக்கு என்று பிரித்துத் தேடுவது எதற்கு? இந்தக் கேள்வியின் பின்னால் நல்லெண்ணம் இருக்கிறது; ஆனால் அது வரலாற்றில் ஒருதலையாகவே செயல்பட்டது. தமிழகத்துக் கதைகள் இலங்கையில் அடிக்குறிப்பின்றிப் படிக்கப்பட்டன. அங்கிருந்து வந்த கதைகளின் பேச்சுமொழி மட்டும் இங்கே கடினம் என்று ஒதுக்கப்பட்டது. ஐம்பதுகளில் மண்வாசனை என்றும், அதன்பின் தேசிய இலக்கியம் என்றும் அங்குள்ளோர் எழுப்பிய முழக்கம் இந்தச் சமமின்மைக்கு அவர்கள் கண்ட விடை. ஒருமையைப் பேச விரும்புகிறவர் முதலில் அங்கே எழுதப்பட்டதை முழுதாகப் படித்திருக்க வேண்டும்.

6. எண்ணிமப் படிகளும் அட்டவணையும்

இன்னொரு கேள்வியையும் எதிர்பார்க்கிறேன்: இதெல்லாம் இப்போது இணையத்தில் கிடைக்கிறதே? 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. என். செல்வராஜா 2002 முதல் வெளியிட்டுவரும் நூல்தேட்டம் ஒவ்வொரு தொகுதியிலும் ஆயிரம் நூல்களுக்குக் குறிப்புத் தருகிறது. இவை இரண்டும் இல்லையென்றால் இன்றைய உரைக்கே இடமில்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் தீக்கிரையானது. 1995இல் போரினால் யாழ்ப்பாணத்தின் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது வீட்டு அலுமாரிகளில் இருந்த சேகரங்கள் அழிந்தன. நூல் அழிந்தால் அதன் வேறு படி எங்கேனும் கிடைக்கலாம். வாரப் பத்திரிகையைப் பெரும்பாலும் யாரும் சேர்த்து வைப்பதில்லை. படித்தபின் கடையில் பொட்டலம் கட்டப் போய்விடும். அதனால் மிஞ்சிய ஒவ்வோர் இதழும் அரியது.

ஆயினும் படமெடுத்து வைப்பதோடு கதை கண்டடையப்பட்டுவிடுவதில்லை. நூல்தேட்டத்தின் அலகு நூல். இணைய நூலகத்தில் நாளிதழின் அலகு பெரும்பாலும் ஒரு நாளின் இதழ். அந்த ஞாயிறு இதழின் உள்ளே பதினோராம் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது என்பது, பக்கங்களைத் திறந்து பார்க்காதவருக்குத் தெரியாது. ஆசிரியர் பெயரை அறிந்து தேடுகிறவருக்கே கதை கிட்டும் என்றால், அறிந்தவரையே மீண்டும் அறிகிறோம். அறியாதவர் அறியப்படாதவராகவே இருந்துவிடுகிறார். நமக்குத் தேவை கதைவாரியான அட்டவணை. கதையின் பெயர், எழுதியவர் பெயர் அச்சிட்டவாறே, இதழ், நாள், பக்கம், பின்னால் நூலானதா என்ற குறிப்பு. இவ்வளவுதான். ஓர் இதழின் பத்தாண்டுகளை ஒரு மாணவர் எடுத்துக்கொண்டால் ஆய்வுப் பட்டத்துக்கான காலத்துக்குள் முடிக்கக்கூடிய வேலை. நம் பல்கலைக்கழகங்களில் ஒரே ஐந்து ஆசிரியர்களைப் பற்றி மீண்டும் மீண்டும் எழுதப்படும் ஆய்வேடுகளில் பாதியை இதற்குத் திருப்பினாலே போதும். ஈழகேசரியிலும் சுதந்திரனிலும் தொடங்கலாம். அவை நின்றுபோன இதழ்கள் ஆதலால் எல்லை திட்டமாக இருக்கிறது. ஈழநாட்டின் அறுபதுகளும் வீரகேசரி வார வெளியீடும் அடுத்து வரலாம்.

இதில் ஒரு பகுதிக்கு மட்டும் காத்திருக்க நேரமில்லை. அது புனைபெயர். ஈழத்து இதழ்களில் பலர் இரண்டு, மூன்று பெயர்களில் எழுதினார்கள். அரசு ஊழியர்கள் வேலைக்கு அஞ்சி மறைந்தார்கள். பெண்கள் வீட்டுக்கு அஞ்சி மறைந்தார்கள். ஒரே இதழில் தம் பெயர் அடிக்கடி வரக்கூடாது என்று மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. இதழாசிரியர்களுக்கும் அச்சுக்கோத்தவர்களுக்கும் சக எழுத்தாளர்களுக்கும் மட்டும் தெரிந்த செய்தி இது. எந்தப் படியிலும் அச்சாகியிருக்காது. அறுபதுகளின் தொடக்கத்தில் இருபது வயதாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பில், பதுளையில், கொழும்பில், தொராண்டோவில், இலண்டனில், இங்கே திருச்சியிலும் சென்னையிலும் இருக்கும் அவர்களிடம் அந்தப் பெயர்ப்பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டி, இவர் யார், இவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அட்டவணை முழுதும் முடியட்டும் என்று இருக்க வேண்டாம். ஓர் ஆண்டின் இதழ்களை மட்டும் எடுத்து, அதில் வரும் அடையாளம் தெரியாத பெயர்களோடு இந்த மாதமே போகலாம்.